பெட்டி நாலு, எஞ்சின் ஒண்ணு: ஹட்டன் கொமினிகேஷன்காரனோட அன்டிவைரஸ் ரிவியூ

தீர்ப்ப மொதல்லயே சொல்லிடுறேன், வாசிக்க நேரம் இல்லாதவங்க இதோட போகலாம். பிட்டிஃபெண்டர்ங்கிற அன்டிவைரஸ் கம்பெனியோட எஞ்சின், அதாவது உள்ள இருந்து வைரஸ் தேடுற பகுதி, நல்ல எஞ்சின். ஆனா அதே எஞ்சின வேற வேற பேர்ல ரெண்டு தடவ காசு குடுத்து வாங்காதீங்க. மிச்சம் நீளமா போகும், டீ ஒண்ணு ஊத்திக்கிட்டு உக்காருங்க.

நான் ஹட்டன் டவுன்ல கொமினிகேஷன் நடத்துறேன். போட்டோ கொப்பி, பிரின்ட், ரீலோட், ஒன்லைன் போர்ம் நிரப்புறது, டீச்சர்மாருக்கு டேர்ம் டெஸ்ட் பேப்பர் டைப் பண்ணிக் குடுக்கிறது, இதுதான் யாவாரம். டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவன்னு நாலா பக்கமிருந்தும் வர்ற பென்ட்ரைவ் எல்லாம் கடையில ஒரே லெப்டொப்லதான் ஏறுது, அதுல பாதிக்கு மேல ஏற்கெனவே வேற ஏதாவது கடையில வாங்கிக்கிட்டு வந்த ஷோர்ட்கட் வைரஸோடதான் வருது. தெரியாதவங்களுக்கு: பென்ல இருக்கிற ஃபோல்டர எல்லாம் மறைச்சிட்டு அதே பேர்ல ஷோர்ட்கட் ஒண்ண வைக்கும், நீங்க ஃபோல்டர்னு நெனச்சி டபுள் க்ளிக் பண்ணினா பின்னால வைரஸும் ஓடும், ஃபோல்டரும் தொறக்கும், அதனால ஒண்ணும் நடக்காத மாதிரியே இருக்கும். "தம்பி, என் பேப்பர் எல்லாம் அழிஞ்சி போச்சு"ன்னு டீச்சர் ஒருத்தர் பதறிக்கிட்டு வருவாங்க, ஒண்ணும் அழிஞ்சிருக்காது டீச்சர், ஒளிஞ்சிருக்குன்னு சொல்லி மறைவ எடுத்துக் குடுக்கிறதே எனக்கு ஒரு தனி சேவையா போச்சு. அதனால அன்டிவைரஸ் எனக்கு ஃபேஷனுக்கு இல்ல, தொழிலுக்கு.

சரி எஞ்சின்னா என்ன. அன்டிவைரஸ்ல நீங்க பாக்கிற ஜன்னல், பச்ச டிக், சிவப்பு எச்சரிக்கை எல்லாம் மேல் சட்ட. உள்ள ஒரு பகுதி இருக்கு, அதுக்கிட்ட ஒரு ஃபைல நீட்டினா நல்லதா கெட்டதான்னு சொல்லும், அதுதான் எஞ்சின். சிப், ரார் மாதிரி கட்டுன ஃபைல அவுக்கிறது, சுருக்கி மறைச்சி வச்ச ஈ.எக்ஸ்.ஈய, அதாவது புரோகிராம் ஃபைல, விரிக்கிறது, சந்தேகமானத ஒரு போலி கொம்பியூட்டருக்குள்ள கொஞ்ச நேரம் ஓட விட்டு என்ன பண்ணுதுன்னு பாக்கிறது, தெரிஞ்ச வைரஸ் அடையாளங்களோட ஒப்பிடறது, எல்லாம் அதோட வேல. இத உண்டாக்குறது லேசான காரியம் இல்ல, அத விட அத நாளாந்தம் உயிரோட வச்சிருக்கிறது கஷ்டம். ஜெர்மனில இருக்கிற ஏ.வி டெஸ்ட் நிறுவனம் ஒரு நாளைக்கு 450,000த்துக்கு மேல புது மெல்வெயாரும் (வைரஸ் மாதிரி கெடுதி செய்யிற சொஃப்ட்வெயார்) வேண்டாத சொஃப்ட்வெயாரும் பதிவாகுதுன்னு சொல்லுது. அத்தனையையும் பாக்க லேப் வேணும், ஆள் வேணும், சேர்வர் வேணும். சின்னக் கம்பெனி எங்க போகும்? அதனால பெரிய கம்பெனி தன்னோட எஞ்சின எஸ்.டி.கேன்னு ஒரு பொதியாக்கி லைசன்ஸுக்கு விக்கிது, வாங்குறவர் தன்னோட ஜன்னல், தன்னோட பேர், தன்னோட கீ, அனேகமா தன்னோட அப்டேட் சேர்வர் வச்சி அத மூடி நமக்கு விக்கிறாரு. இதுல களவு ஒண்ணும் இல்ல, ஊருக்குத் தெரிஞ்ச சட்டபூர்வமான யாவாரம்தான். மெயில் சேர்வர், ஃபயர்வோல் பெட்டி விக்கிறவங்களும் இப்படித்தான் எஞ்சின் எடுக்கிறாங்க.

யாரு யாரோட சொந்தக்காரர்னு பாப்போம். ருமேனியாவுல புக்காரெஸ்ட் நகரத்து பிட்டிஃபெண்டர்தான் இதுல பெரிய குடும்பஸ்தர். ஜெர்மனியோட ஜி டேட்டா, மும்பாயோட ஈஸ்கேன், எம்சிசொஃப்ட், வைப்பர், டோட்டல் டிஃபென்ஸ் எல்லாத்துக்குள்ளயும் பிட்டிஃபெண்டர் எஞ்சின் இருக்கு, சிலதுல தனியா, சிலதுல அவங்களோட சொந்த எஞ்சினோட சேத்து. ஃபின்லாந்து எஃப் செக்யூர் கதை இன்னும் சுவாரசியம், ஒரு காலத்துல கஸ்பர்ஸ்கி எஞ்சின், பிறகு பிட்டிஃபெண்டர், அதுக்குப் பிறகு அவிரா, ஆனா பெட்டில எப்பவும் ஒரே பேர். டோட்டல் ஏ.வின்னு யூடியூப்ல விளம்பரமா கொட்டுறாங்களே, அது அவிரா எஞ்சின். சோன் அலார்ம் கன காலம் கஸ்பர்ஸ்கி எஞ்சின்ல ஓடிச்சு.

வாங்கிப் போடறது வேற கதை. அவாஸ்ட் 2016ல ஏ.வி.ஜிய 1.3 பில்லியன் டொலருக்கு வாங்கிச்சு, நோர்ட்டன் 2021ல அவிராவ வாங்கிச்சு, 2022ல அவாஸ்டையும் சேத்துக்கிட்டு ஜென் டிஜிட்டல்னு பேர மாத்திக்கிச்சு. ஆக நோர்ட்டன் நல்லதா, அவாஸ்ட் நல்லதா, ஏ.வி.ஜி நல்லதா, அவிரா நல்லதான்னு பஸ்ல சண்ட போடறவங்க நாலு பேரும் ஒரே முதலாளிக்குத்தான் சந்தா கட்டுறாங்க.

இப்ப ரெண்டு பெட்டி கதை ஒண்ணுக்கு வாரேன். மலையகத்துல வேற ஒரு டவுன்ல ஒரு கொம்பியூட்டர் கடை, பேர் வேணாம், டோனர் எடுக்கப் போன இடத்துல அங்க இருந்த பையன் ரெண்டு பெட்டிய எடுத்து மேசையில வச்சான். "அண்ணே, ஒண்ணுல புடிபடாதது மத்ததுல புடிபடும், ரெண்டையும் போட்டா டபுள் சேஃப்டி, ரெண்டும் எடுத்தா வெல கொறைச்சித் தாரேன்." ரெண்டு பெட்டியையும் திருப்பிப் பாத்தேன், ரெண்டுலயும் பெருமையா எழுதியிருக்கிறது எல்லாம் ஒரே சங்கதி, எஞ்சின் யாருதுன்னு மட்டும் ரெண்டுலயும் இல்ல. எனக்குத் தெரியும், ரெண்டும் ஒரே பிட்டிஃபெண்டர் எஞ்சின். அவன் பொய் சொன்னான்னு நான் சொல்லல, அவனுக்கும் தெரியாது, கொழும்புல இருந்து வர்ற பெட்டிய விக்கிறான். ஆனா இத நம்பி வாங்கிட்டுப் போற சனம் என்ன ஆகும்? ஒண்ணுக்குத் தெரியாத வைரஸ் மத்ததுக்கும் தெரியாது. அத விட மோசம், ரெண்டும் ஒரே நேரத்துல ஒரே ஃபைல புடிச்சி இழுக்கும், நாலு ஜி.பி ரெம் மெஷின் வேர்ட் தொறக்கவே கொட்டாவி விடும். டேட்டா? முதல் தடவ போட்டா வைரஸ் பட்டியல் மட்டும் நூத்துக்கணக்கான எம்.பி எறங்கும், ரெண்டு பெட்டின்னா அதே பட்டியல ரெண்டு தடவ எறக்கணும். டொங்கிள்ல ரீலோட் போட்டு ஓட்டுற லய வீட்டுப் புள்ளைக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம். நான் டோனர மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

எஞ்சின் எதுன்னு எப்படிக் கண்டு புடிக்கிறது? இங்கதான் வைரஸ்டோட்டல். ஸ்பெயின்ல 2004ல ஆரம்பிச்சது, 2012ல கூகிள் வாங்கிச்சு, ஒரு ஃபைல போட்டா எழுபது பக்கம் எஞ்சின்ல பாத்து ரிசல்ட் காட்டும், காசு இல்ல. நம்மாளுங்க இத பாக்கிற விதம்தான் பிழை. எழுபதுல பத்து சிவப்புன்னா பத்து டொக்டர் சொல்லிட்டாங்கன்னு எடுத்துக்கிறாங்க.

என் கடையில நடந்தத சொல்றேன். பாமினி ஃபொன்ட்ல அடிச்ச பழைய பேப்பர யூனிகோடுக்கு மாத்துற சின்ன டூல் ஒண்ணு, கூட்டாளி ஒருத்தன் எழுதிக் குடுத்தது, வருசக் கணக்கா கடையில ஓடுது. ஒரு நாள் லெப்டொப்ல இருந்த அன்டிவைரஸ் அத வைரஸ்னு சொல்லி தூக்கி குவாரன்டீன்ல, அதாவது ஓட விடாம ஒதுக்கி வைக்கிற இடத்துல, போட்டுருச்சு. வைரஸ்டோட்டல்ல ஏத்திப் பாத்தா பத்துக்குக் கிட்ட சிவப்பு, கூட்டாளி பயந்துட்டான், "மச்சான் என் மெஷின்லயே ஏதும் புகுந்திருச்சோ"ன்னு. நான் எண்ணிக்கைய விட்டுட்டு பேர வாசிச்சேன். பிட்டிஃபெண்டர் வரில ஜென் வேரியன்ட்னு ஆரம்பிச்சி ஒரு பேரும் ஒரு நம்பரும். ஈஸ்கேன் வரில எழுத்துக்கு எழுத்து அதே பேர், அதே நம்பர். வைப்பர்லயும் அதே. எம்சிசொஃப்ட்லயும் அதே, கடைசில மட்டும் அடைப்புக்குறிக்குள்ள "B"ன்னு ஒரு எழுத்து, அது பிட்டிஃபெண்டர் எஞ்சின் சொன்னதுன்னு அவங்களே போடற அடையாளம். தோட்டத்து ஃபெக்டரில இருந்து கொழும்பு ஏலத்துக்குப் போற தேயிலைச் சாக்குல தோட்டத்தோட மார்க்கும் கிரேடும் அச்சடிச்சிருக்கும், கடையில வாங்குற பெக்கட்ல அது இருக்காது. இந்த வைரஸ் பேர்தான் அந்தச் சாக்கு மார்க். பத்து பேர் சொன்னதில்ல அது, ஒருத்தர் சொன்னத பத்து வாய் ஒப்பிச்சது. சொந்தமா எஞ்சின் வச்சிருக்கிற ஈசெட், கஸ்பர்ஸ்கி, மைக்ரோசொஃப்ட் எல்லாம் பச்ச. நம்ம டூல்ல டிஜிட்டல் கையொப்பம் கெடயாது, உலகத்துல அத பாவிக்கிறவங்களும் கொஞ்சப் பேர், இப்படிப்பட்ட டூல்னா சந்தேகப்படறது அன்டிவைரஸோட சுபாவம். பிட்டிஃபெண்டருக்கு மட்டும் இது ஃபோல்ஸ் பொசிட்டிவ், நல்ல ஃபைல பிழையா புடிச்சிட்டீங்கன்னு போர்ம் நிரப்பி அனுப்பினேன், மத்த யாருக்கும் அனுப்பல. அவங்க திருத்தினதும் திரும்ப ஸ்கேன் குடுத்தா குடும்பம் முழுக்க பச்சையாயிருச்சு. ஊத்துக்கண்ண மூடினா குழாய் எல்லாம் தானா காயும்னு சும்மாவா சொல்றேன்.

ஒப்பிக்கிறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, லைசன்ஸ் இல்லாமலே ஒப்பிக்கிறவங்களும் இருந்தாங்க. 2010ல கஸ்பர்ஸ்கிகாரங்க ஒரு வேல பண்ணினாங்க. ஒரு தீங்கும் இல்லாத 10 ஃபைல தாங்களே செஞ்சி, இது கெட்டதுன்னு வைரஸ்டோட்டல்ல தங்கட பக்கத்துல மட்டும் காட்ட வச்சாங்க. ஒண்ணர கிழமைக்குள்ள 14 கம்பெனி வரைக்கும் அந்த ஃபைல கெட்டதுன்னு சொல்ல ஆரம்பிச்சிருச்சாம், தங்கட லேப்ல பாத்து இல்ல, அடுத்தவன் சொல்றத பாத்து. அத மொஸ்கோவுல பத்திரிகைக்காரங்களுக்கு முன்னால போட்டுக் காட்டினாங்க. பிறகு 2016 மே மாசம் வைரஸ்டோட்டலும் ஒரு சட்டம் போட்டுச்சு, மத்தவங்க ரிசல்ட்ட எடுக்கிற அன்டிவைரஸ் கம்பெனி தன்னோட ஸ்கேனரையும் அதுல வைக்கணும்னு. சும்மா பரீட்சையில பக்கத்துப் பேப்பர் பாத்து எழுதினவங்களுக்கு வயித்தக் கலக்கியிருக்கும்.

வைரஸ்டோட்டல் பத்தி இன்னொண்ணு, இது கொமினிகேஷன் வச்சிருக்கிற எல்லாருக்கும். நீங்க ஏத்துற ஃபைல் உங்களுக்குள்ள மட்டும் இருக்கும்னு நெனைக்காதீங்க, அது அன்டிவைரஸ் கம்பெனிகளுக்கும் காசு கட்டுற ஆய்வுக்காரங்களுக்கும் போகும், அதுதான் அந்த சேவையோட அடிப்படையே. சனத்தோட அடையாள அட்ட ஸ்கேன், பேர்த் சேர்டிஃபிகேட், பேங்க் புக் கொப்பி இதையெல்லாம் "வைரஸ் இருக்கா பாப்போம்"னு ஏத்திடாதீங்க. ஃபைலோட ஹேஷ் நம்பர, அதாவது ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நம்பர, மட்டும் எடுத்து அங்க தேடினா போதும், ஏற்கெனவே யாராவது போட்டிருந்தா ரிசல்ட் வரும், ஃபைல் கடைய விட்டு வெளிய போகாது.

ஒரே எஞ்சின் பல பெட்டில இருக்கிறதால என்ன கெடுதின்னு கேட்டா, எஞ்சின் பிழை விட்டா எல்லா பெட்டியும் பிழை விடும். 2010 மார்ச் 20, பிட்டிஃபெண்டர்ல ஒரு பிழையான அப்டேட் போச்சு, 64 பிட் விண்டோஸ்ல இருந்த நல்ல ஈ.எக்ஸ்.ஈ, டி.எல்.எல் எல்லாத்தையும் ட்ரோஜன்னு சொல்லி குவாரன்டீனுக்கு அனுப்பிருச்சு, மெஷின் பூட் ஆகல. அதே எஞ்சின வச்சிருந்த புல்கார்ட் அன்டிவைரஸ் ஆக்களும் அதே குழியில விழுந்தாங்க. 2016ல கூகிள் ஆய்வாளர் டேவிஸ் ஓர்மண்டி, அப்ப நோர்ட்டன வச்சிருந்த சிமாண்டெக் கம்பெனியோட எஞ்சின்ல, அந்த சுருக்கின ஃபைல விரிக்கிற பகுதில, பெரிய ஓட்டைகளக் கண்டு புடிச்சாரு. ஒரே எஞ்சின்ங்கிறதால வீட்டுக்கு விக்கிற நோர்ட்டன்ல இருந்து கம்பெனிகளுக்கு விக்கிற சாமான் வரைக்கும் எல்லாத்துலயும் அதே ஓட்ட. அமெரிக்கா 2024 ஜூன்ல கஸ்பர்ஸ்கிய தட பண்ணினப்ப கூட அந்தப் பேர்ல விக்கிறத மட்டும் நிப்பாட்டல, அந்த எஞ்சின உள்ள வச்சி வேற பேர்ல விக்கிறதையும் சேத்துத்தான் தட போட்டாங்க. பெட்டிப் பேர மட்டும் பாத்தா காணாதுன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

அப்ப எல்லா பெட்டியும் ஒண்ணுதானான்னா, அதுவும் இல்ல. இத சரியா விளங்கிக்கணும். லைசன்ஸ்ல போறது அனேகமா ஃபைல பாக்கிற எஞ்சினும் பட்டியலும்தான். ஓடிக்கிட்டு இருக்கிற புரோகிராம் திடீர்னு நூறு போட்டோவ லொக் பண்ண ஆரம்பிக்குதான்னு கவனிக்கிற பகுதி, பிரவுசர்ல லிங்க் தடுக்கிற பகுதி, ஃபைல பூட்டி வச்சி கப்பம் கேக்கிற ரென்சம்வெயார்ல இருந்து ஃபைல மீட்டுத் தர்ற பகுதி, இதெல்லாம் பெட்டிக்குப் பெட்டி வேற. அதனாலதான் ஒரே எஞ்சின் வச்சிருந்தும் டெஸ்ட்ல மார்க்ஸ் வித்தியாசமா வருது. மேல் சட்டையும் முக்கியம்ங்கிறதுக்கு ஒரு உதாரணம்: ஈஸ்கேன் அப்டேட் பாதுகாப்பு இல்லாத எச்.டி.டி.பில வந்ததால ஹெக்கர்மார் நடுவுல புகுந்து அப்டேட்டுக்குப் பதிலா மெல்வெயார் அனுப்பின கதைய அவாஸ்ட் 2024 ஏப்ரல்ல வெளியிட்டாங்க, அந்த ஓட்டைய ஈஸ்கேன்காரங்க 2023 ஜூலைலயே அடைச்சிட்டாங்களாம். எஞ்சின் பிட்டிஃபெண்டரா இருந்தும் அப்டேட் வர்ற பைப் ஈஸ்கேனோடது.

இனி ஒவ்வொண்ணா.

பிட்டிஃபெண்டர் நேரா வாங்கினா எஞ்சினோட அவங்க சொந்த நடத்தைக் கண்காணிப்பும் முழுசா வரும், அதான் லாபம். எனக்குப் புடிக்காதது எக்கவுண்ட் இல்லாம உள்ளயே விடாது, வீ.பி.என் வாங்கு, பாஸ்வேர்ட் மெனேஜர் வாங்குன்னு அடிக்கடி கதவ தட்டும். ஃப்ரீ வேர்ஷன் இருக்கு, வீட்டுப் பாவனைக்குத் தாராளம், கடைக்கு அது சட்டப்படி சரி வராது.

எம்சிசொஃப்ட் எனக்கு ரொம்பப் புடிச்சது. ரெண்டு எஞ்சின், ஒண்ணு எங்களோடது, மத்தது பிட்டிஃபெண்டரோடதுன்னு வெளிப்படையா சொல்ற நேர்மைக்கே நான் மார்க்ஸ் போடுவேன். நடத்தைக் கண்காணிப்பு அவங்க சொந்தமா செஞ்சது, ஜன்னல் சுத்தம், தொல்ல இல்ல. ரென்சம்வெயார்ல அடிபட்டவங்களுக்கு பூட்டின ஃபைல தொறக்கிற டிக்ரிப்டர ஃப்ரீயா வெளியிடற கம்பெனியும் இதுதான். திருட்டு சொஃப்ட்வெயார் க்ரெக்கோட வர்ற ஸ்டொப் டிஜாவுன்னு ஒரு ரென்சம்வெயார் இருக்கு, அதுக்கு 2019 ஒக்டோபர்ல 148 வகைக்கு டிக்ரிப்டர் விட்டாங்க. புது வகை எல்லாத்துக்கும் அது வேல செய்யாது, அதையும் சொல்லணும், ஏன்னா அத நம்பி யாரும் க்ரெக் போடாதீங்க. பென்ல போட்டு எடுத்துக்கிட்டுப் போற எமர்ஜென்சி கிட் இருக்கு, இன்ஸ்டோல் வேணாம், சொந்தப் பாவனைக்கு ஃப்ரீ. கொற என்னன்னா இங்க டவுன்ல பெட்டியா கெடைக்காது, ஒன்லைன்ல கார்ட் போட்டு டொலர்ல வாங்கணும், டொலர் வெலையப் பாத்தா நெஞ்சு அடைக்கும்.

ஜி டேட்டா பத்திக் கனக்க சொல்ல இல்ல, சாமான் உறுதி, பழைய மெஷினுக்குப் பாரம். ஈஸ்கேன் மலிவு, இங்க கெடைக்கவும் செய்யும், ஜன்னல்தான் பத்து வருசம் பழசு மாதிரி இருக்கு, செட்டிங்க தேடி எடுக்கிறதுக்குள்ள கஸ்டமர் எழும்பிப் போயிருவார்.

சென்னையோட கே செவன் தனி வகை, சொந்த எஞ்சின், மெஷினுக்கு லேசு. வேற ஒரு கண்ணால பாக்கணும்னா இந்த மாதிரி வேற குடும்பத்துல இருந்து எடுக்கணும், அதையும் ஒரே மெஷின்ல ரெண்டா போடக்கூடாது, ஒரு மெஷினுக்கு ஒண்ணு.

விண்டோஸோட வர்ற டிஃபெண்டர சும்மா கெடைக்குதுன்னு ஒதுக்காதீங்க. மைக்ரோசொஃப்ட் 2003ல ருமேனியாவோட ஜீகேட்ங்கிற கம்பெனிக்கிட்ட இருந்து ரேவ் அன்டிவைரஸ் தொழில்நுட்பத்த வாங்கித்தான் இந்தப் பக்கமே வந்தாங்க. அதுவும் புக்காரெஸ்ட் கம்பெனிதான், அந்த ஊர்த் தண்ணில ஏதோ இருக்கு போல. இன்னிக்கு அது சொந்தக் கால்ல நிக்கிற தனி எஞ்சின். வேற அன்டிவைரஸ் போட்டா டிஃபெண்டர் தானா ஒதுங்கிக்கும், அதனால பெட்டி வாங்கிப் போட்டு வருசம் முடிஞ்சி புதுப்பிக்காம விட்ட மெஷின்தான் ஆபத்தானது, பழைய பெட்டிய கழட்டி எறிஞ்சா டிஃபெண்டர் தானா எழும்பி வரும்.

என் கடையில இப்ப ரெண்டு டெஸ்க்டொப்லயும் டிஃபெண்டர் மட்டும், சனத்தோட பென் ஏறுற லெப்டொப்ல மட்டும் காசு கட்டி எம்சிசொஃப்ட். பென் மொதல்ல லெப்டொப்ல, அங்க சுத்தமானா நெட்வேர்க்கால டெஸ்க்டொப்புக்குப் போகும், ஆக ஒரே ஃபைல் ரெண்டு வேற குடும்பத்துக் கண்ணுக்குத் தப்பணும். கடைக்காரப் பையன் சொன்ன டபுள் சேஃப்டி இப்படித்தான் வரும், பெட்டிக்கு மேல பெட்டி அடுக்கி இல்ல.

வாங்கப் போறவங்க பேர கேக்காதீங்க, உள்ள யாரோட எஞ்சின்னு கேளுங்க. கடையில தெரியாதுன்னா ஒஸ்ட்ரியாவோட ஏ.வி கம்பரேட்டிவ்ஸ் ரிப்போட்ட ஒன்லைன்ல எடுங்க, யார் யாரோட எஞ்சின பாவிக்கிறாங்கன்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. மார்க்ஸ் டேபிள மட்டும் பாத்துட்டு மூடிடாம அந்தச் சின்ன எழுத்த ஃபோன்ல பெருசாக்கி வாசிங்க. நம்ம பக்கம் எந்தக் கடையில எம்சிசொஃப்ட் கீ ரூபாக்கு வாங்கலாம்னு தெரிஞ்சவங்க கீழ சொல்லுங்க, எனக்கும் புதுப்பிக்கிற தேதி கிட்ட வருது.